கறள் வேறு, கோளாறு வேறு

தேத்தண்ணியைக் குடி தம்பி, ஆறப்போகிறது. பனங்கட்டி அந்தத் தட்டில் இருக்கிறது. ஊர்காவற்றுறைக்கு வள்ளம் வெளிக்கிட இன்னும் நேரம் கிடக்கிறது, ஆறுதலாகக் கதைக்கலாம்.

கனடாவில், ஸ்காபரோவில் 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ஒன்று வாங்கியிருக்கிறாய். இரண்டு பேர் இருக்கிற, கூரையை மடித்துவிடுகிற கார். வாங்கின புதிதில் வீட்டில் எல்லாருக்கும் படம் அனுப்பினாய். பிறகு ஒரு வெயில் நாளில், வாகன நெரிசலுக்குள் நின்றுவிட்டது. அரை மணித்தியாலம் ஆறவிட, ஒன்றும் நடவாததுபோல் ஸ்ராட் ஆனது. ஒரு கராச்சில் காபரேற்றரைக் கழற்றிப் பூட்டித் தந்தார்கள். காசு போனது, கார் மறுபடியும் நின்றது. “மாமா, நான் ஏமாந்துபோனேனோ?” என்று இப்போது கேட்கிறாய்.

நீ கேட்பது உண்மையில் இரண்டு கேள்வி. எஞ்சின் ஏன் நிற்கிறது என்பது ஒன்று. காரின் உடம்பு உறுதியாக இருக்கிறதா என்பது மற்றது. முதலாவது கோளாறு, இரண்டாவது கறள். கோளாறுக்குப் பயப்படத் தேவையில்லை. கறளுக்குக் கட்டாயம் பயப்படவேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் இரவில் நித்திரை வராது.

கோளாறுக்கு ஏன் பயப்படத் தேவையில்லை என்பதற்கு எங்கள் யாழ்ப்பாணத்தையே பார். ஒஸ்ரின் ஏ40 கார்களை இன்றைக்கும் அங்கே காணலாம். அவற்றில் சொமர்செற் என்ற வகையை இங்கிலாந்தில் 1952 முதல் 1954 வரைதான் செய்தார்கள். எழுபது வயது தாண்டிய இரும்பு, இன்னும் கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறது. பழசின்மேல் ஆசையால் மட்டும் அவை மிஞ்சவில்லை. 1960களில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டபோது வெளிநாட்டுக் கார் இறக்குமதி இறுகிப்போனது. 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை இருந்ததைத் திருத்தித்தான் ஓடினார்கள். திறந்து பதின்மூன்று வருடம் போகமுன்னம், 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. வடக்குக்குப் பெற்றோல், பற்றறி, உதிரிப்பாகம் எல்லாம் தடை. மின்சாரமும் நின்றது.

அந்தக் காலத்தில்தான் யாழ்ப்பாணத்து ஹயர்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலில் எஞ்சினை ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சூடு ஏன் வேண்டுமென்றால், மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆவியாகாத எண்ணெய் எரியாது. வெள்ளைப் புகையாகத் தள்ளும், மிச்சம் சிலிண்டர்ச் சுவரால் வழிந்து எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்க்கப்பண்ணும். இன்னொரு விசயமும் உண்டு. காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை எஞ்சின் அளவுக்கு மிஞ்சி நெருக்கினால் மண்ணெண்ணெய் நேரம் தப்பி வெடித்து, பிஸ்ரனில் அடிக்கும். ஏ40 எஞ்சின் கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகத்தான் நெருக்குகிறது. அதனால் தாங்கியது. அதற்குப் பிறகு வந்த, கூட நெருக்குகிற எஞ்சின்கள் அவ்வளவு இலேசில் தாங்கா. பற்றறி இல்லாத நேரத்தில் கைகொடுத்தது முன்னால் செருகிச் சுற்றுகிற இரும்புக் கைபிடி.

உன் காருக்கு மண்ணெண்ணெய் விடச் சொல்லி இதைச் சொல்லவில்லை. அந்த ஓட்டிகளுக்கும் மெக்கானிக்மாருக்கும் உதிரிப்பாகம் இல்லை, புத்தகம் இல்லை, நல்ல எரிபொருள் இல்லை. எஞ்சினுக்குள் எது எதற்காக நடக்கிறது என்ற அறிவு மட்டும் இருந்தது. அதைக்கொண்டே ஓட்டினார்கள். அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. அவர்கள் கையில் இல்லாத எல்லாம் இன்றைக்கு உன் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் கேள். உன் எம்ஜிபியின் எஞ்சின் உனக்கு அந்நியமே இல்லை. ஏ40இன் 1200 சிசி எஞ்சினின் அமைப்பை வளர்த்தெடுத்துச் செய்ததுதான் பி வரிசை எஞ்சின். அது 1489 சிசியாக ஒஸ்ரின் ஏ55 கேம்பிரிட்ஜில் ஓடியது. கடலுக்கு அந்தப் பக்கம் இந்துஸ்தான் அம்பாசடரிலும் அதே 1489 சிசிதான் ஓடியது. பெரிதாக்கி 1798 சிசி ஆக்கி, இரண்டு எஸ்யூ காபரேற்றர் பூட்டினால் உன்னுடையது. விளையாட்டுக் கார் என்ற பெயரைக் கேட்டு மிரளாதே. ஹயர்கார்க் குடும்பத்தில் பிறந்த எஞ்சின் அது.

இனி நின்றுபோகிற கதைக்கு வருவோம். சூடேறினால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. பெற்றோல் வரவில்லை, அல்லது பொறி அடிக்கவில்லை. எதுவென்று பார்க்காமல் காபரேற்றரைக் கழற்றியதுதான் பிழை. அதுவும் கராச்சுக்குக் காரை ஆறின பிறகு கொண்டுபோயிருக்கிறாய். நின்ற கையோடு பார்க்கவேண்டும், ஆறினால் சாட்சி மறைந்துவிடும்.

அடுத்தமுறை நின்றால் காரைத் தள்ளி ஓரம் கட்டு. ஸ்ராட் பண்ணாமல் திறப்பை மட்டும் திருப்பிவிட்டுக் காதைக் கொடு. பின்பக்கத்தில் வலச் சில்லுக்குக் கிட்ட பெற்றோல் பம்ப் இருக்கிறது. அது மின்சாரத்தில் டிக், டிக் என்று அடிக்கும். காபரேற்றரின் கிண்ணம் நிரம்பியிருந்தால் ஒன்றிரண்டு அடி அடித்து நிற்கும். அப்படியென்றால் பெற்றோல் பக்கம் பெரும்பாலும் சரி. ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது குழாயில் எங்கோ ஒழுக்கு. சத்தமே இல்லை, காபரேற்றர்க் கிண்ணமும் வெறுமை என்றால் பம்புக்குள்ளே தொடுமுனை ஒட்டிப் பிடித்திருக்கலாம், அல்லது அதற்கு மின்சாரம் போகவில்லை. சூடான எஞ்சினுக்குக் கிட்டப் பெற்றோல் குழாயை மட்டும் கழற்றிவிடாதே. அந்த வேலை ஆறின பிறகு.

பெற்றோல் சரியென்றால் பொறியைப் பார். ஒரு பிளக்கைக் கையிருப்பாக வைத்திரு. ஒரு பிளக் வயரைக் கழற்றி அதில் மாட்டி, பிளக்கின் இரும்பை எஞ்சின் இரும்போடு கவ்வி வயரால் தொடுத்துவிட்டு, கூட வந்தவரை ஸ்ராட்டர் அடிக்கச் சொல். கையால் பிடிக்காதே. நீலமாக, சுள்ளென்று அடித்தால் பொறி நல்லது. மஞ்சளாக, சோர்ந்து அடித்தால் அல்லது அடிக்காமலே விட்டால் கள்ளன் அகப்பட்டான்.

என் எண்ணம் உன் காரில் கொண்டென்சர் என்பதுதான். டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கிற, விரல் நுனியளவு உருளை. அங்கே பொயின்ற் என்ற சிறு தொடுமுனைகள் மூடித் திறக்கும்போதுதான் கொயிலில் பொறி பிறக்கிறது. திறக்கிற நேரத்தில் மின்சாரம் நிற்க மனமில்லாமல் அந்த இடைவெளியைத் தாண்டப் பார்க்கும். கொண்டென்சர் அதை உறிஞ்சிக்கொண்டால்தான் கொயிலுக்குள் ஓட்டம் சட்டென்று அறுந்து, பிளக்கில் பலமான பொறி அடிக்கும். உள்ளேயிருக்கிற காப்புப் படலம் பழுதாகத் தொடங்கினால், குளிரில் நல்ல பிள்ளையாக இருக்கும், சூட்டில் கைவிடும். கொயிலும் இதே குணம் காட்டும். கொண்டென்சர் மலிவு, அதனால் முதலில் அதை மாற்று. புதிதாக வருகிற கொண்டென்சர்களில் மட்டமானவையும் உண்டு. பூட்டி நன்றாக ஓடுகிற ஒன்று அகப்பட்டால், அதே வகையில் இரண்டாவதையும் வாங்கிக் காருக்குள் போடு.

பாகம் கிடைக்குமோ என்று யோசிக்கிறாய். எம்ஜிபி 1962இல் வந்தது, அபிங்டன் தொழிற்சாலை 1980இல் மூடும்வரை செய்தார்கள். மூடிய கூரைக் கார்களையும் சேர்த்தால் ஐந்து இலட்சத்துக்கு மேல். 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிற்றேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடியெடுத்து, எம்ஜிபியின் முழு வெற்று உடம்பையும் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. இவ்வளவு பாகம் கிடைக்கிற பழைய கார் உலகத்திலேயே கொஞ்சம். அந்தக் கவலையை விடு.

கறளுக்கு வா. இதை அனலைதீவில் இருந்து சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. சுற்றிவர உப்புக் காற்று. வெளிநாட்டுக் காசில் பூட்டின கேற்றுகளைப் போய்ப் பார். நடுவில் பெயின்ற் மினுங்கும், அடிச்சட்டம் உதிரும். தண்ணீர் தங்கிக் காயாமல் கிடக்கிற இடத்தில், உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளியில் குமிழ் தெரிகிற நாளில் உள்ளே பாதி போயிருக்கும். ஒன்ராறியோவில் மாரியில் பனிக்காக வீதிக்குப் போடுகிறார்களே, அதுவும் உப்புத்தான். இந்தத் தீவில் காற்றோடு வருவது அங்கே சில்லால் தெறிக்கிறது.

ஏ40க்கும் உன் காருக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான். ஏ40 சொமர்செற்றுக்குக் கீழே தனிச் சட்டகம் உண்டு. மேலுடம்பு ஓட்டை விழுந்தாலும் சட்டகம் சுமக்கும், தகரம் வைத்து ஒட்டி ஓடலாம். எம்ஜிபிக்குத் தனிச் சட்டகம் இல்லை. கதவுக்குக் கீழே, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவே ஓடுகிற பெட்டித் தகடுதான் அதன் முதுகெலும்பு. கூரையில்லாத கார் என்பதால் சுமை முழுக்க அதன்மேல். அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். சேறு அடைத்தால் கதை முடிந்தது.

திரும்பிப் போனதும் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு அந்தப் பெட்டித் தகட்டில் நீளத்துக்கு வைத்துப் பார். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பூசி மெழுகியிருக்கிறார்கள். பிறகு கதவின் பின் ஓர இடைவெளியைப் பார். மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. ஜக் வைத்துத் தூக்கும்போது கதவு இறுகித் திறக்க மறுத்தாலும் அதே செய்திதான். பழைய கார் தெரிந்த வெல்டரைக் கூட்டிவந்து அடியில் பார்க்கச் சொல். கராச்சுக்கு எழுதுகிற அடுத்த காசோலைக்கு முன்னால் இதைச் செய். பெட்டித் தகடு இரண்டு பக்கமும் போய், தளமும் போயிருந்தால், உள்ளதைச் சொல்லி விற்றுவிடு, அதில் வெட்கம் இல்லை. உடம்பு நல்லதென்றால் எஞ்சினுக்காக அந்தக் காரைக் கைவிடாதே. வைத்திருப்பதா விற்பதா என்று நான் பிரித்துப் பார்ப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

உடம்பு நல்லதென்றே வை. இனிச் செலவின் ஒழுங்கு. நீ பம்பரை மினுக்குவதைப் பற்றிக் கதைக்கிறாய். முதலில் பிறேக். சில்லுகளுக்குப் போகிற றப்பர் குழாய்கள் உள்ளே வீங்கி அடைக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி மிதிகட்டை தொய்யும். முந்தின சொந்தக்காரர் எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டால் இரண்டையும் மாற்று. அடுத்தது ரயர். பக்கச் சுவரில் உள்ள குறியின் கடைசி நாலு இலக்கத்தைப் படி. 2313 என்றால் 2013ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. வரி தேயாமல் புதிதுபோல இருந்தாலும் பத்து வருடம் தாண்டினதை நம்பி நெடுஞ்சாலையில் ஏறாதே. மூன்றாவது பெற்றோல் குழாய்கள். உங்கள் ஊர்ப் பெற்றோலில் எதனோல் கலக்கிறார்கள், பழைய றப்பரை அது தின்னும். எஞ்சின் பக்கத்தில் ஒழுகினால் தீ. இந்த மூன்றும் உயிர்ச் செலவு. பிறகு றேடியேற்றர், வயர் இணைப்புகள். முக்கியமாக உடம்போடு தொடுகிற ஏர்த் வயர்கள்: வெளிச்சம் மங்குவதற்கும் அளவுமுள் ஆடுவதற்கும் பாதிக் காரணம் அந்தத் தொடுமுனையின் கறள். சுரண்டித் துடைத்து இறுக்கினால் காசில்லாமல் சரிவரும். பம்பர் கடைசி.

எல்லாவற்றையும் ஒரே மாரியில் முடிக்கப் பார்க்காதே. இங்கிலாந்தின் பாத் நகரத்தில் சார்ல்ஸ் வெயர் என்றொருவர் மொறிஸ் மைனர் கார்களுக்கென்றே ஒரு நிலையம் நடத்தினார். புதுக்கார் வாங்கி அதன் விலை தேய்வதைப் பார்த்திருப்பதைவிட, பழைய காரைப் படிப்படியாக வருடக் கணக்கில் திருத்தி வைத்திருப்பது இலாபம் என்பது அவர் வாதம். 1982இல் அதற்கு ஒரு புத்தகமே எழுதினார். மைனருக்கான உடம்புத் தகடுகளை இலங்கையில் செய்விக்கவும் வழி பண்ணினார். உன் கணக்கையும் அப்படிப் போடு. மாதாமாதம் ஒரு தொகையை எடுத்து வை, அந்த மாதம் கார் கேட்காவிட்டால் தொகை கிடக்கட்டும். ஒரு கொப்பியில் நாள், மைல் கணக்கு, நின்றபோது எஞ்சின் சூடா குளிரா, என்ன செய்தாய், என்ன விலை என்று எழுது. ஒரு வருடக் கொப்பியைப் பார்த்தால், எது திரும்பத் திரும்ப வருகிறது, எது ஒருமுறை வந்து போனது என்று உனக்கே தெரியும். கராச்காரரும் அதைப் பார்த்துத்தான் நேரே இடத்துக்குப் போவார்.

மாரியில் ஓட்டாதே. கடைசிப் பனி கரைந்து, நல்ல மழை இரண்டு பெய்து வீதி கழுவுப்படும்வரை கொட்டகையில் விடு. ஓட்டுகிற காலத்தில் பின்பெட்டியில் ஒரு சின்னப் பெட்டி வை: நல்லதென்று கண்ட கொண்டென்சர், றோட்டர் ஆம், பொயின்ற் ஒரு சோடி, பிளக் ஒன்று, பியூஸ், கவ்வி வயர், மின் அளவி, குழாய்க் கிளிப், தீயணைப்பான். விசிறிப் பெல்ற்றும் வை. அதை வைக்கமுன்னம் வீட்டு முற்றத்தில் ஒருதரம் நீயே கழற்றிப் பூட்டிப் பார், எந்த ஸ்பனர் வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.