உப்பை இழுக்கும் மின்சாரம்

கடலோர ஊர்களில் பால்கனி சிலாப்பின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால் கொத்தனாரைக் கூப்பிடுவோம். தளர்ந்ததைத் தட்டி, துருவைத் தேய்த்து, புதுக் கலவை வைத்துப் பூசிவிட்டுப் போவார். கொஞ்ச காலத்தில் ஒட்டுப்போட்ட இடம் அப்படியே இருக்கும்; அதை ஒட்டிய பழைய சிலாப் வெடிக்கும். கலவை சரியில்லை என்று அவரைத்தான் திட்டுவோம், பாவம். பல சமயம் குற்றவாளி உப்பு.

கான்கிரீட்டின் காரத்தன்மையால் (பி.எச். 12.5க்கு மேல்) கம்பியின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உண்டாகி அதைக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு இந்தப் படலத்தைத் துளைக்கும். துளைபட்ட இடம் ஆனோடாகிக் கரைய, பக்கத்துக் கம்பி கேத்தோடாகித் தப்பிக்கிறது. துருவுக்கு இரும்பைப்போல் இரு மடங்குக்கும் மேல் இடம் வேண்டும். அதனால்தான் கான்கிரீட் பிளக்கிறது. பழுதான இடத்தை மட்டும் சரிசெய்தால், உப்பு ஊறிய பக்கத்துக் கம்பி அடுத்த ஆனோடாகிவிடும்.

துருப்பிடிப்பது மின்வேதிச் செயல் என்பதால் மின்சாரத்தாலேயே அதை மடக்கலாம். 1973இல் கலிஃபோர்னியாவின் ஸ்லை பார்க் சாலை மேம்பாலத்தில் ரிச்சர்ட் ஸ்ட்ராட்ஃபுல் இதைச் செய்துகாட்டினார். பனியை உருக்கத் தூவிய உப்புதான் அங்கே வில்லன். பாலத்தளத்தின் மேல் கல்கரித் தூள் கலந்த தார்ப்படுகையை ஆனோடாக்கி, கம்பிகள் முழுவதையும் கேத்தோடாகவே நிறுத்திவைத்தார். சதுர மீட்டர் கம்பிப் பரப்புக்குச் சில மில்லி ஆம்பியர் போதும். ஆனால் நிறுத்தாமல் ஓட வேண்டும்.

சில வாரங்களில் முடிகிற வைத்தியமும் உண்டு. கான்கிரீட் மேல் டைட்டானியம் வலையைக் கட்டி, சுண்ணாம்பு நீரில் ஊறிய காகிதக்கூழை அப்புவார்கள். வலைக்கு நேர்முனை, கம்பிக்கு எதிர்முனை. சதுர மீட்டருக்குச் சுமார் 1 ஆம்பியர். எதிர்மின்னூட்டம் கொண்ட குளோரைடு கம்பியை விட்டு விலகி வலைப்பக்கம் நகரும். கம்பியருகே ஹைட்ராக்சைடு உண்டாகி, குறைந்திருந்த காரத்தன்மை மீண்டும் ஏறும். நான்கிலிருந்து எட்டு வாரம் கழித்துக் கூழை வழித்தெடுத்தால் உப்பில் கணிசமான பகுதி அதோடு போய்விடும். கம்பிக்குப் பின்னால் ஒளிந்திருப்பது மட்டும் அவ்வளவு எளிதில் வராது.

கரைந்த இரும்பை எந்த மின்சாரமும் மீட்டுத் தராது. கம்பி மெலிந்த தூணுக்குக் கூடுதல் கம்பி கட்டித்தான் ஆகவேண்டும். இழுத்துக் கட்டிய உருக்கு வடங்களால் நிற்கும் ப்ரீஸ்ட்ரெஸ்டு பாலங்களில் இந்த வாரக்கணக்கு வைத்தியம் வேண்டவே வேண்டாம். கேத்தோடில் பிறக்கும் ஹைட்ரஜன் அந்த வடங்களுக்குள் புகுந்தால், இழுவிசை தாங்கும் உருக்கு முன்னறிவிப்பின்றி முறியக்கூடும்.