எப்படி அடிபட்டது?

டயர் கடையின் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரப்பர் வெட்டுகிறவரைக் கொஞ்ச நேரம் பாருங்கள். மூன்று நான்கு அங்குலக் கனத்தில் ஒரு பாளம். அதை முழங்காலால் அழுத்தி, இடது கையால் பிடித்திருக்கிறார். பக்கத்தில் சோப்புத் தண்ணீர் டப்பா. கத்தியை அதில் முக்கி முக்கி இழுக்கிறார். ஈரம் காய்ந்ததும் ரப்பர் கத்தியைக் கவ்விக்கொள்ளும். பலம் கொடுத்து இழுத்தால் சட்டென்று விடும். விடுகிற வேகத்தில் அது போய் இறங்குவது தொடையில், இல்லையென்றால் இடது கைக் கட்டைவிரலில்.

இந்தத் துண்டுகள் போய்ச் சேர்வது குவாரி லோடர், ஜேசிபி, காட்டுப் பாதையில் ஓடும் ஜீப், பந்தய பைக் ஆகியவற்றின் டயருக்குள். காற்று இறங்கினாலும் சக்கரம் தரைதட்டாமல் இருப்பதற்காக. மண் பாதையில் ஓடும் பந்தய பைக்குகள் சிலவற்றில் டியூபுக்குப் பதிலாக நுரை ரப்பர் வளையமே போடுகிறார்கள். அது தேய்ந்து தளர்ந்தால் பழைய வளையத்திலிருந்து துண்டு வெட்டி இடைவெளியை அடைப்பார்கள்.

வெட்டுகிறவரின் ஆபத்து கத்தியோடு முடிவதில்லை. அவசர வேலை என்றால் கிரைண்டரில் மரம் அறுக்கும் பிளேடை மாட்டுகிறார்கள். ரப்பர் பிளேடைப் பிடித்துக்கொண்டால் மெஷின் கையை மீறித் திரும்பி அடிக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாளத்தை மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கத்தி உடம்பை விட்டு விலகும் திசையில் போகட்டும். பிடிக்கிற கைக்கு வெட்டுத் தாங்கும் கையுறை போடுங்கள். ஆனால் சுற்றுகிற பிளேடு பக்கத்தில் கையுறை கூடாது, துணியோடு விரலையும் இழுத்துக்கொள்ளும். பழைய டயரில் வெட்டுகிற துண்டானால் உள்ளே கம்பி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். ஐஸ் விரலில் நேராகப் படக்கூடாது. காயத்தை அழுத்திப் பிடித்தபடி 108-ஐ அழையுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

அடுத்து நடப்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கேஷுவாலிட்டியில் டாக்டர் கேட்பார்: "எப்படி அடிபட்டது?" கூட வந்த கடை ஆள் முந்திக்கொள்வார்: "வீட்டுல தேங்காய் உரிக்கும்போது வெட்டிக்கிட்டாருங்க." வலியில் இருப்பவர் பேசாமல் இருந்துவிடுவார். முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருப்பார். டாக்டர் அதையே விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எழுதிவிடுவார். பல மாதம் கழித்து இழப்பீடு கேட்டுப் போகும்போது அந்த ஒரு வரி குறுக்கே நிற்கும். அதனால், எந்தக் கடையில், எந்த நேரத்தில், என்ன வெட்டும்போது அடிபட்டது என்று நீங்களே சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பியைக் கேட்டு வாங்குங்கள்.

வேலையில் அடிபட்டால் இழப்பீடு என்பது 1923-லேயே சட்டமான உரிமை. இப்போது அது 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. சட்டத்தின் கணக்கில் ஒரு கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு போனதாக அர்த்தம். 30 வயதுக்காரர், மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வையுங்கள். சம்பளத்தில் 60 விழுக்காடு 9,000. அதை அந்த வயதுக்கான 207.98 என்ற எண்ணால் பெருக்கி, 30 விழுக்காடு எடுத்தால் 5,61,546 ரூபாய் வரும். "இருபதாயிரம் வச்சுக்கப்பா, வெள்ளைத்தாள்ல ஒரு கையெழுத்துப் போடு" என்கிறவர்கள் இருக்கிறார்கள். போடாதீர்கள். உரிமையை விட்டுத்தருவதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. மருத்துவச் செலவு இந்தத் தொகைக்கு மேல், தனியாக வரவேண்டியது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டில் வருவார். அவருக்குச் சிகிச்சையும், வேலைக்குப் போகமுடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 விழுக்காடும் அங்கிருந்தே கிடைக்கும். இ.எஸ்.ஐ. உள்ளவர் அதையும் முதலாளியிடம் இழப்பீட்டையும் சேர்த்துக் கேட்கமுடியாது. மேஸ்திரி மூலம் வந்த ஆள் என்பதால் முதலாளி தப்பித்துக்கொள்ள முடியாது. ஆனால் குடித்துவிட்டு வெட்டியிருந்தாலோ, மெஷினின் பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே கழற்றியிருந்தாலோ விரல் போன வழக்கில் இழப்பீடு மறுக்கப்படலாம்.

வேலைக்குச் சேர்ந்த ஆர்டர் இல்லையே என்று மலைக்கவேண்டாம். ஜிபேயில் வந்த சம்பளம், "நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடு" என்ற வாட்ஸ்அப் செய்தி, உடன் வேலைசெய்தவரின் சாட்சி எல்லாமே ஆதாரம்தான். விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கவேண்டும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அதன் உதவி எண் 15100.

கடையில் யாருக்காவது அடிபட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிறவர் நீங்களாக இருந்தால், டாக்டரிடம் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.