‘நன்றாயிருக்கிறது’ என்ற சொல் போதுமா?

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். வீட்டில் நாமே பாடி, நாமே பதிவு செய்து, நாமே கலவை செய்த பாடலும் அப்படித்தான். நம் காதுக்கு அது தேனாய் இனிக்கும். அதில் குறையுண்டு என்று யாரேனும் சொல்லிவிட்டால் முகம் வாடிப்போகும். ஆயினும் குறையைக் கேட்டறியாமல் இக்கலையில் ஓரடியும் முன்னேற முடியாது என்பதை எங்கள் அனுபவத்தில் கண்டுகொண்டோம். அதனை இம்மலரின் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முதலில் கலவை என்றால் என்னவென்று பார்ப்போம். ஒரு பாடலின் குரல்கள், ஆர்மோனியம், கிட்டார், தாளம் ஆகியவற்றைத் தனித்தனித் தடங்களில் பதிவு செய்கிறோம். பின்னர் எது எவ்வளவு உரக்கக் கேட்க வேண்டும், எது இடப்பக்கம், எது வலப்பக்கம், எதன் அடித்தொனியைக் குறைப்பது, எதற்குச் சிறிது எதிரொலி கூட்டுவது என்று முடிவு செய்து அனைத்தையும் ஒன்றாய்ச் சேர்க்கிறோம். இதனையே ‘மிக்ஸிங்’ என்கிறார்கள். சாம்பாரில் உப்பும் புளியும் காரமும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்பதைப் போன்றது இது.

ஒரு காலத்தில் இவ்வேலை பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் மட்டுமே நடந்தது. 1979-இல் ‘போர்ட்டாஸ்டூடியோ’ என்ற கருவி வெளிவந்தது. சாதாரண கேசட்டிலேயே நான்கு தடங்களைப் பதிவு செய்ய அது உதவியது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் அக்கருவியைக் கொண்டு, தாம் தங்கியிருந்த வீட்டிலேயே சில பாடல்களைப் பதிவு செய்தார். பிறகு இசைக்குழுவுடன் அவற்றைப் பாடிப் பார்த்தும் மனம் நிறையவில்லை. வீட்டில் பதிவான அந்தக் கேசட்டே ‘நெப்ராஸ்கா’ என்ற தொகுப்பாய் அதே ஆண்டில் வெளிவந்தது. இன்றோ ஒரு கணினி இருந்தால் போதும். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஆடாசிட்டி’ போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கருவி கைக்கு வந்துவிட்டது. காது பழக வேண்டாமா?

பணி ஓய்வு பெறும் ஆசிரியை ஒருவருக்குப் பரிசாக அளிக்க, நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு பாடலைத் தோழியின் வீட்டில் பதிவு செய்தோம். மூன்று நாட்கள் ஹெட்போனும் காதுமாய் இருந்து கலவையை முடித்தோம். வகுப்புத் தோழியரிடம் போட்டுக் காட்டி, “எப்படி இருக்கிறது?” என்று கேட்டோம். “நன்றாயிருக்கிறது!” என்றார்கள். எங்கள் பெருமைக்கு அளவில்லை.

எங்களுள் ஒருத்தியின் தாயார் மட்டும் அப்பாடலை இரண்டு முறை கேட்டார். பிறகு தயங்கியபடியே, “எல்லாம் சரிதான்மா, இதில் என் மகள் எங்கே பாடுகிறாள்?” என்றார். நாங்கள் திகைத்துப் போனோம். அவள் கீழ்ச்சுருதியில் இரண்டாம் குரல் பாடியவள். மறுபடி போட்டுக் கேட்டால், ஆர்மோனியத்திற்குள் அவள் குரல் அடியோடு மூழ்கிக் கிடந்தது. அவளுக்கு இது முதல்நாளே தெரியுமாம். சொன்னால் எங்கள் மனம் நோகும் என்று வாய் திறக்கவில்லையாம். அன்று அவள் கண் கலங்கியதை நாங்கள் மறக்கவே மாட்டோம்.

எங்கள் இசை ஆசிரியையான அருட்சகோதரியிடம் ஓடினோம். அவர்கள் சிரித்துக்கொண்டே, “நன்றாயிருக்கிறதா என்று கேட்டால் யாரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். எதைக் கவனித்துக் கேட்க வேண்டும் என்று சொன்னீர்களா?” என்றார்கள். அந்த ஒரு கேள்வியே எங்களுக்குப் பாடமாயிற்று.

இவ்வளவு பெரிய குறை எங்கள் காதில் எப்படி விழாமற் போயிற்று? காரணங்கள் பல. முதலாவது, பாடலை நூறு முறை கேட்டவர்களுக்கு இல்லாத ஒலியையும் மனம் நிரப்பிக் கொடுத்துவிடும். இரண்டாவது, ஏறக்குறைய ஒரே சுருதி எல்லையில் ஒலிக்கும் இரண்டனுள் வலியது மெலியதை மறைத்துவிடும். ஆர்மோனியமும் பெண் குரலும் அத்தகையவை. மூன்றாவது, ஒலியின் அளவைப் பொறுத்து நம் காது கேட்கும் முறையே மாறுகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933-இல் இதனை அளந்து வெளியிட்டனர். ஒலியைக் குறைத்து வைத்தால் அடித்தொனி மற்றவற்றைவிட அதிகமாய் மங்கிப்போகும். உரக்க வைத்தாலோ எல்லாமே நிறைவாய்த் தோன்றும். நாங்கள் உரக்க வைத்தே கேட்டு ஏமாந்தோம். நான்காவது, காதும் களைத்துப் போகும் உறுப்பே. வளர்ந்தவர்கள் கூட 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரத்திற்கு மேல் கேட்கலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. ஹெட்போன் பிரியர்கள் இதை மனத்தில் கொள்வது நலம்.

ஆகவே பிறர் கருத்தைக் கேட்பதற்கு முன் நாம் செய்ய வேண்டியது சிறிது உண்டு. கலவையை முடித்ததும் ஓரிரவு விட்டுவிட்டு, மறுநாள் மெல்லிய ஒலியில் கேட்க வேண்டும். ஹெட்போன், கைப்பேசி, வீட்டுத் தொலைக்காட்சி என்று பலவற்றிலும் போட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த அறையில் நின்றும் கேட்கலாம். அங்கும் பாடலின் சொற்கள் விளங்கினால் நல்ல அறிகுறியே.

பிறகு கேட்கும் முறை. “எப்படி இருக்கிறது?” என்பது பாராட்டைக் கேட்கும் கேள்வி. “இரண்டாம் சரணத்தில் சொற்கள் விளங்குகின்றனவா? எத்தனை குரல்கள் கேட்கின்றன? எந்த இடத்தில் கவனம் சிதறியது?” என்பவையே குறையைத் தேடும் கேள்விகள். பாடலை முன்பே அறிந்தவரிடமும், முதன்முறை கேட்பவரிடமும் கேட்க வேண்டும். இசை அறிந்தவர் காரணத்தைச் சொல்வார். அறியாதவரோ தம் காதில் விழுந்ததை ஒளிக்காமல் சொல்வார். இருவரும் நமக்கு வேண்டியவர்களே.

பழைய கலவையையும் புதியதையும் ஒப்பிடச் சொல்லும்போது இரண்டையும் ஒரே ஒலியளவில் வைப்பது மிக முக்கியம். இல்லையேல் சற்று உரக்க ஒலிப்பதே சிறந்தது என்று காது தீர்ப்புக் கூறிவிடும்.

கிடைத்த கருத்துகளை எல்லாம் அப்படியே ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். ஒருவர் சொன்னால் குறித்துக்கொள்வோம். மூவர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே உண்மை இருக்கிறது. கேட்பவர் நோயைச் சொல்வார், மருந்தை நாம்தான் தேட வேண்டும். “குரலைக் கூட்டு” என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் உண்மையில் ஆர்மோனியத்தைக் குறைப்பதே தீர்வாகலாம். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, பழைய பதிவை அழிக்காமல் வைத்திருப்பதும் நல்ல வழக்கம்.

இங்கே ஒரு செய்தி. யமஹா நிறுவனம் 1978-இல் ‘என்.எஸ். 10’ என்ற ஒலிபெருக்கியை வீடுகளுக்கென வெளியிட்டது. அதன் ஓசை இனிமையாய் இல்லையென்று வீட்டில் கேட்போர் குறைபட்டனர். ஆனால் ஒலிப்பதிவுக் கலைஞர்கள் அதனை விரும்பி ஏற்றார்கள். கலவையின் பிழைகளை அது மறைக்காமல் காட்டியதே காரணம். இனிக்கப் பேசாத அந்தப் பெட்டி, உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் இடம் பிடித்தது. உண்மையான தோழியும் அப்படிப்பட்டவள் அன்றோ!

நாங்கள் மீண்டும் அமர்ந்தோம். அவளது குரலைச் சிறிதும் கூட்டவில்லை. அவள் பாடும் இடங்களில் ஆர்மோனியத்தைத் தாழ்த்தி ஒரு பக்கமாய் நகர்த்தினோம். எதிரொலியைப் பாதியாக்கினோம். அவ்வளவே. அந்தத் தாயாரிடம் மறுபடியும் போட்டுக் காட்டினோம். இரண்டாம் அடியிலேயே அவர் விரலை உயர்த்தி, “இதோ, என் பிள்ளை!” என்றார். எங்கள் பாடலுக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதைவிடப் பெரியதொன்று இல்லை.

அன்புத் தோழியரே, நீங்களும் பாடுங்கள், பதிவு செய்யுங்கள். பிறர் உங்களிடம் கருத்துக் கேட்டால் “நன்றாயிருக்கிறது” என்பதோடு நின்றுவிடாதீர்கள். நிறையை முதலில் சொல்லி, குறையை அன்போடு சுட்டுங்கள். நம் குழுவில் யாருடைய குரல் கேட்காமற் போகிறது என்று சொல்வதற்குச் சிறிது துணிவு வேண்டும். அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ள அதைவிடப் பெரிய மனம் வேண்டும். இரண்டையும் வளர்த்துக்கொள்வோம்.