காமலாபுரம் – மீனம்பாக்கம்: 266 கிலோமீட்டர் சொல்லும் பூமியின் வடிவம்

சேலத்திலிருந்து வாழப்பாடி, ஆத்தூர் வழியாகச் சென்னை செல்லும் பேருந்துகள் நகரை அடுத்த அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டித்தான் போகின்றன. சாலைத் தூரம் ஏறத்தாழ 340 கிலோமீட்டர். விமானத்தில் போக நினைக்கும் அயோத்தியாப்பட்டணத்துக்காரரோ முதலில் எதிர்த்திசையில், ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்துக்கு வான்வழித் தூரம் சுமார் 266 கிலோமீட்டர். இந்த எண் எப்படிக் கிடைக்கிறது?

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அதிகாரபூர்வமான குறிப்புப் புள்ளி ஒன்று உண்டு. அதன் அட்சரேகையும் தீர்க்கரேகையும் துல்லியமாகப் பதிவு செய்யப்பட்டிருக்கும். இரு நிலையங்களின் புள்ளிகளையும் பூமியின் பரப்பின் மீதே மிகக் குறுகிய வளைகோட்டால் இணைத்தால் வருவதுதான் வான்வழித் தூரம். நம் கோடு சேர்வராயன் மலையைக் கடந்து, அரூர், செய்யாறு பக்கமாகச் சென்னையை அடைகிறது.

அது வளைகோடு என்பதை மறந்துவிடக் கூடாது. காமலாபுரத்திலிருந்து மீனம்பாக்கத்துக்கு நேர்கோட்டில் சுரங்கம் தோண்டினால், நடுவழியில் அது பூமியின் பரப்புக்கு ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் கீழே இருக்கும். அவ்வளவு ஆழமாகப் போயும் மிச்சமாகும் தூரம் வெறும் 19 மீட்டர்தான்! இந்த வளைவிலிருந்தே விமானிகளின் அளவையும் பிறந்தது. பூமியின் மையத்திலிருந்து பார்க்க, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணம் பரப்பின் மீது எவ்வளவு நீளமோ, அதுவே ஒரு கடல் மைல், இன்று 1.852 கிலோமீட்டர் என்று வரையறுத்திருக்கிறார்கள். நம் பயணம் சுமார் 144 கடல் மைல், அதாவது 2.4 பாகை.

பூமி முழு உருண்டையாக இருந்திருந்தால் கணக்கு இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் மையத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு உள்ள தூரம், துருவத்துக்கு உள்ளதைவிட 21 கிலோமீட்டர் அதிகம். எனவே தூரத்தைக் கணக்கிடுமுன் பூமியின் வடிவம் தெரிந்தாக வேண்டும். அதை அறியும் பெருமுயற்சிகளில் ஒன்று 1802 ஏப்ரலில் இன்றைய மீனம்பாக்கத்துக்கு அருகிலேயே, பரங்கிமலையில் தொடங்கியது. நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியால் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் அடிக்கோடு ஒன்றை அளந்தார். அதன் பிறகு தியோடலைட் என்னும் கோணமானி கொண்டு பெரும்பாலும் கோணங்களையே அளந்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாடெங்கும் நீட்டிக்கொண்டே போனார்கள். அவற்றின் முதுகெலும்பான ‘பெரும் வில்’ கன்னியாகுமரி அருகிலிருந்து இமயமலை அடிவாரம் வரை 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிச் செல்கிறது. அந்தத் தீர்க்கரேகை காமலாபுரத்துக்கு மேற்கே சுமார் 7 கிலோமீட்டரில் ஓடுகிறது! சேலம் பக்கத்தில் ஒரு அட்சரேகைப் பாகையின் நீளம் ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர், இமயமலை அடிவாரத்து டேராடூன் அருகே அது 200 மீட்டருக்கு மேல் கூடுதல். பூமி துருவங்களில் தட்டையாவதன் அடையாளம் இந்தச் சிறு வேறுபாடுதான். 1823-ல் லாம்டன் இறந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் 1841-ல் பெரும் வில்லை முடித்தார்.

விமானம் இந்தக் கோட்டின் மீதே பறப்பதில்லை. காற்றை எதிர்த்து மேலெழுந்து, வகுத்த வான்பாதையில் திரும்பி, ஓடுபாதைக்கு நேராக வந்து இறங்குவதால் பறக்கும் தூரம் கூடுகிறது. ஆனால் உயரத்தால் கூடுவது மிகச் சொற்பம்: 5 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தாலும் 266 கிலோமீட்டரில் ஏறுவது 200 மீட்டர்தான். இன்று கைப்பேசி நொடியில் தரும் தூரத்துக்கு அடிப்படை, பூமியின் வடிவம் பற்றிய அறிவு. சங்கிலியும் தியோடலைட்டும் சுமந்து மலை மலையாக ஏறிய மனிதர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. சென்னைக்கும் சேலத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டும்.