எட்டின் எல்லையும் தோட்டத் தமிழ்ச் சொற்களும்: தரவுத்தளப் புள்ளிக்குறிப்பில் நேர்ந்த ஒரு சீரமைவுப் பிழை

நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டப்புறங்களில் வழங்கிய தமிழ்ச் சொற்களைத் தொகுக்கும் பணி இன்று குறிப்பேட்டில் தொடங்கினாலும் கணினியில்தான் நிறைவு பெறுகின்றது. ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. சில தோட்டங்களின் நிலம் குடியிருப்புக்கும் தொழிலுக்கும் சென்றது. பால் வடியும் கிண்ணமாகிய மங்கு, விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, கணக்கு எழுதும் கிராணி, வரிசை வீடுகளாகிய லயம் ஆகிய சொற்களை அவற்றின் தொழிற்சூழலோடு அறிந்தோர் தொகை குறைந்து வருகின்றது. எனவே ஒரு சொல்லை எந்த மாவட்டத்தில், எந்தத் தோட்டத்தில், எப்பொருளில் கேட்டோம் என்பதை ஒழுங்காகப் பதிந்துவைக்கத் தொடர்புசார் தரவுத்தளம் நமக்குத் தேவைப்படுகின்றது.

அத்தகைய தரவுத்தளம் திடீரென நின்றுபோனால், தமிழ் எழுத்தே காரணம் என்று முடிவு கட்டிச் சொற்களை உரோமன் எழுத்துக்கு மாற்றிவிடும் எண்ணம் எளிதில் எழும். அவ்வாறு மாற்றினால் றகரமும் ரகரமும், ளகரமும் லகரமும் வேறுபாடு இழக்கும், தரவே சிதையும். பிழை எங்கே இருக்கின்றது என்பதை முதலில் நாடாமல் மருந்து கொடுப்பதன் விளைவு அது. போஸ்ட்கிரஸ் என்னும் கட்டற்ற தரவுத்தள மென்பொருளில் 2019ஆம் ஆண்டு நேர்ந்த ஒரு சீரமைவுப் பிழை இதனை விளக்குதற்கு ஏற்ற சான்றாகும்.

எண்ணிக்கை வேறு, மதிப்பீடு வேறு

தரவுத்தளம் ஒரு வினாவுக்கு விடை தேடுமுன், எவ்வழியில் தேடினால் விரைவாக முடியும் என்று திட்டமிடுகின்றது. அதற்கு உதவியாகத் தரவைப் பற்றிய சுருக்கக் குறிப்புகளை வைத்துக்கொள்கின்றது. இவற்றையே புள்ளிக்குறிப்புகள் என்கிறோம். போஸ்ட்கிரஸில் ‘அனலைஸ்’ என்னும் கட்டளை, இயல்பான அமைப்பில், அட்டவணையிலிருந்து 30,000 வரிசைகள் வரை மாதிரியாக எடுத்து, ஒவ்வொரு நிரலிலும் மிகுதியாக வரும் மதிப்புகளையும் அவற்றின் வீதங்களையும் குறித்துக்கொள்ளும். மொழியியலார் இதனை மிகுவழக்குப் பட்டியல் எனலாம்.

இப்பட்டியல் ஒவ்வொரு நிரலையும் தனித்தனியே நோக்குவது. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். நம் அட்டவணையில் 40,000 பதிவுகள் உள்ளன என்றும், அவற்றுள் ஐந்தில் ஒன்று போர்ட்டிக்சன் மாவட்டத்தைச் சார்ந்தது என்றும், ஐம்பதில் ஒன்று சுவா பெத்தோங் தோட்டத்தைச் சார்ந்தது என்றும் கொள்வோம். ‘மாவட்டம் போர்ட்டிக்சன், தோட்டம் சுவா பெத்தோங்’ என்று இரண்டையும் சேர்த்து வினவினால், திட்டமிடும் பகுதி இரு வீதங்களையும் பெருக்கி 160 பதிவுகள் கிடைக்கும் என மதிப்பிடும். உண்மையில் கிடைப்பவை 800. சுவா பெத்தோங் போர்ட்டிக்சன் மாவட்டத்துள் இருப்பதால், தோட்டத்தைச் சொன்ன அளவிலேயே மாவட்டமும் பெறப்படுகின்றது. இரண்டும் ஒன்றையொன்று சாராதவை அல்ல.

இக்குறையை நீக்கவே 2017இல் வெளிவந்த பத்தாம் பதிப்பில் பல நிரல்களைச் சேர்த்து நோக்கும் விரிந்த புள்ளிக்குறிப்புகள் தோன்றின. 2019 அக்டோபரில் வெளிவந்த பன்னிரண்டாம் பதிப்பு, பல நிரல்களுக்குரிய மிகுவழக்குப் பட்டியலையும் சேர்த்தது. அதனை உருவாக்கியோருள் முதன்மையானவர் தோமாஷ் வோந்திரா. பட்டியலின் ஒவ்வோர் உறுப்பிலும் இரண்டு வீதங்கள் இருக்கும். ஒன்று, அம்மதிப்புகள் சேர்ந்து வரும் உண்மை வீதம். மற்றொன்று, அவை ஒன்றையொன்று சாராதவையாயின் வந்திருக்கக்கூடிய வீதம். நம் எடுத்துக்காட்டில் முன்னது ஐம்பதில் ஒன்று. பின்னது இருநூற்றைம்பதில் ஒன்று.

இங்கே ஒன்றை மனத்தில் நிறுத்தல் வேண்டும். மதிப்பீடு தவறினால் தேடும் வழி நீளும், விடை தவறாது. பதிவுகளை எண்ணிப் பெறும் 800 என்ற தொகை எப்போதும் 800தான்.

பைட்டுகளின் எல்லை

பட்டியலை வட்டில் சேமிக்க வேண்டுமாயின், அதனை ஒரே நீண்ட பைட்டுத் தொடராகப் பொதிய வேண்டும். பயன்படுத்தும்போது பொதியை அவிழ்க்க வேண்டும். ஓலைச்சுவடியை நினைவு கூர்வோம். சொற்களுக்கிடையே இடமின்றியும் பல இடங்களில் புள்ளியின்றியும் எழுதப்பட்ட ஓலையை, எங்கே பிரிக்க வேண்டும் என்று அறிந்தவரே படிக்க முடியும். பைட்டுத் தொடரும் அத்தகையது. எத்தனை பைட்டுகள் ஒரு மதிப்பைச் சேர்ந்தவை என்பது படிக்கும் நிரலுக்கு முன்பே தெரிந்திருத்தல் வேண்டும்.

இதன்மேல் செயலியின் நிபந்தனை ஒன்றும் உண்டு. பின்ன எண்ணைக் குறிக்கும் எட்டு பைட்டு மதிப்பு, எட்டால் வகுபடும் முகவரியில் தொடங்குதல் வேண்டும் என்பது அது. இதுவே சீரமைவு. நம் மேசைக் கணினிகளில் உள்ள இன்டெல் வகைச் செயலிகள் பெரும்பாலும் இதனைப் பொருட்படுத்தாமல் படித்துவிடும். ஸ்பார்க் போன்ற செயலிகளோ பொறுப்பதில்லை. ‘பஸ் எரர்’ என்று அறிவித்து நிரலை நிறுத்திவிடும்.

இப்போது கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டு நிரல்களுக்கான பட்டியலில் ஓர் உறுப்புக்கு, நிரலுக்கு இரண்டு பைட்டாகச் சுட்டெண்கள் 4 பைட்டு. வெற்றிடக் குறிகள் 2 பைட்டு. இரு வீதங்கள் 16 பைட்டு. கூட்டுத்தொகை 22. உறுப்புகளை இடைவெளியின்றி அடுக்கினால் அவை 0, 22, 44, 66, 88 என்னும் இடங்களில் தொடங்கும். இவற்றுள் எட்டால் வகுபடுபவை 0, 88 ஆகிய இரண்டே. மூன்று நிரல்களாயின் உறுப்பின் அளவு 25. எட்டு உறுப்புகளுக்கு ஒன்றே எல்லையில் அமையும்.

மதிப்புகளின் நிலையும் இதுவே. யூடிஎப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டு பெறும். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனிக் குறியீடுகள். ஆகவே லயம் 12 பைட்டு; மங்கு 15; கிராணி 18; கங்காணி 21; பால்மரம் 24. இவற்றுள் பால்மரம் ஒன்றே எட்டின் எல்லையில் முடிகின்றது. அடுத்த எல்லையை எட்ட மங்குவுக்கு 1, கங்காணிக்கு 3, லயத்துக்கு 4, கிராணிக்கு 6 வெற்றுப் பைட்டுகள் நிரப்ப வேண்டும். இது தமிழுக்கு மட்டும் உரிய இடர் அன்று. எழுத்துக்கு ஒரு பைட்டு பெறும் ஆங்கிலச் சொல்லும் எட்டெழுத்தின் மடங்காக அமைந்தால்தான் எல்லையில் முடியும். ஆகவே உரோமன் எழுத்துக்கு மாறுவதால் இந்நோய் தீராது.

2019இல் நேர்ந்தது

பல நிரல் மிகுவழக்குப் பட்டியல் 2019 மார்ச்சு இறுதியில் மூலநிரலில் சேர்க்கப்பட்டது. பொதிந்த தொடரின் சில பகுதிகளைப் படியெடுக்காமல் இருந்த இடத்திலேயே நேராகப் படித்துவிடலாம் என்பது அதன் முதல் வடிவம். அதற்காகவே தொடரினுள் சீரமைவு இடைவெளிகள் வைக்கப்பட்டன. ஓரிரு நாட்களிலேயே திருத்தங்கள் தேவைப்பட்டன. பொதியைத் தற்காலிக நினைவகம் விடுவித்தபின் படித்தமை, அவிழ்த்த மதிப்புகள் பொதிக்குள்ளேயே சுட்டிக்கொண்டிருந்தமை, உயர்பைட்டை முதலில் வைக்கும் இயந்திரங்களில் மதிப்பு மாறிப் படிக்கப்பட்டமை எனப் பல குறைகள் களையப்பட்டன. சீரமைவுக் குறை அதன் பின்னும் எஞ்சியது. மேலும் திருத்தங்கள் வந்தன.

இறுதியில் 2019 சூலையில் வேறு முடிவு எடுக்கப்பட்டது. பொதிந்த வடிவில் சீரமைவு என்பதே கைவிடப்பட்டது. எல்லாவற்றையும் இடைவெளியின்றி நெருக்கி எழுதுவது. படிக்கும்போது ஒவ்வொரு மதிப்பையும் புதிய, சீரமைந்த இடத்துக்குப் படியெடுத்துக்கொள்வது என்பது புதிய முறை. படியெடுப்பதற்குச் சிறிது நேரம் செலவாகும். எனினும், எங்கோ ஓரிடத்தில் எல்லை தவறும் என்ற ஐயம் அடியோடு நீங்கியது. பதிப்பு வெளிவருமுன் இது முடிந்தது.

நோய் நாடும் முறை

இத்தகைய பிழையை மாணவர்கள் எவ்வாறு அடையாளம் காணலாம்? நான்கு படிகள் உண்டு.

முதலாவது, விடை தவறுகின்றதா, மதிப்பீடு தவறுகின்றதா, நிரலே நிற்கின்றதா எனப் பிரித்தறிதல். ‘எக்ஸ்ப்ளெயின் அனலைஸ்’ கட்டளை மதிப்பிட்ட தொகையையும் கிடைத்த தொகையையும் அருகருகே காட்டும்.

இரண்டாவது, குறிப்பை எழுதும்போது நிற்கின்றதா, படிக்கும்போது நிற்கின்றதா எனக் காணுதல். ‘அனலைஸ்’ நிறைவேறி அடுத்த வினவலில் நின்றால், பொதியை அவிழ்க்கும் பகுதியை ஐயுறலாம். விரிந்த புள்ளிக்குறிப்பை மட்டும் நீக்கியபின் அதே வினவல் தடையின்றி ஓடினால் ஐயம் உறுதிப்படும்.

மூன்றாவது, நின்ற இடத்தின் முகவரியை எட்டால் வகுத்து மீதி காணுதல். மீதி சுழியமன்று எனில் காரணம் பெரிதும் விளங்கிவிடும்.

நான்காவது, வேறு வகை இயந்திரத்தில் சோதித்தல். போஸ்ட்கிரஸ் சமூகம் பல வகைச் செயலிகளையும் இயங்குதளங்களையும் கொண்ட சோதனை இயந்திரப் பண்ணை ஒன்றை நடத்துகின்றது. அதன் உறுப்புகளுக்கு விலங்குப் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. அத்தகைய வசதியில்லாதோர், சீரமைவு மீறலைக் கண்டவுடன் அறிவிக்கும் சோதனைக் குறியை இட்டு நிரலைத் தொகுக்கலாம். அப்போது பொறுத்துப்போகும் இன்டெல் செயலியிலும் குறை வெளிப்படும்.

நான்காம் படி மொழியாய்வாளர்க்குப் புதிதன்று. ஒரு தோட்டத்தின் வழக்கை மட்டும் கேட்டு இலக்கணம் வகுத்தால், அடுத்த தோட்டத்தில் அது தவறக்கூடும். பெரும்பான்மை பொறுத்துக்கொள்வது என்பது வேறு. சரியாக இருப்பது என்பது வேறு.

தொகுப்பாளர் கொள்ள வேண்டியவை

புள்ளிக்குறிப்பு தரவிலிருந்து பிறந்தது. அது அழிந்தாலும் ‘அனலைஸ்’ கட்டளையால் சில நொடிகளில் மீண்டும் பெறலாம். பால்மரம் வெட்டிய ஒரு மூதாட்டி சொன்ன சொல்லும் அதன் பொருளும் அவ்வாறு மீண்டும் பெறத்தக்கவை அல்ல. ஆகவே குறிப்பில் பிழை நேர்ந்தால் குறிப்பைத் திருத்துக; மென்பொருளின் திருத்திய பதிப்பை நிறுவுக; பதிவுகளில் கை வைக்காதொழிக. எழுத்தை மாற்றுதல், ‘பெரட்டு’ என்ற பேச்சு வடிவைச் செம்மைப்படுத்துதல், நீண்ட சொற்களைச் சுருக்குதல் ஆகிய எவையும் இந்நோய்க்கு மருந்தல்ல.

ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு சிறு பயிற்சி தரலாம். மாணவர்கள் தத்தம் வட்டாரச் சொற்கள் பத்தினை எழுதி, குறியீடுகளை எண்ணி, மூன்றால் பெருக்கி, எட்டின் எல்லைக்கு எத்தனை பைட்டு குறைகின்றது என்று கணக்கிடட்டும். ஓர் உயிர்மெய் கண்ணுக்கு ஓர் எழுத்தாகவும் கணினிக்கு இரண்டு குறியீடுகளாகவும் நிற்பதை அவர்கள் தாமே காண்பர். குறியீட்டெண்ணிக்கை எட்டின் மடங்காக அமையும் சொல் எத்துணை அரிதாகக் கிடைக்கின்றது என்பதையும் அப்பயிற்சியே அவர்களுக்குக் காட்டிவிடும்.