மூன்றாவது கையைத் தேடி...

சுவரில் ஓர் ஆணி அடிக்க முனைகிறோம். வலக்கையில் சுத்தியல், இடக்கையின் இரு விரல்களுக்கிடையே ஆணி. ஓங்கிய அடி மயிரிழை விலகினாலும் போதும், நகம் கன்றிக் கறுத்துவிடும். ஒரு வாரம் அந்த விரலைத் தூக்கிக்கொண்டே திரிய வேண்டியதுதான். இந்த அனுபவம் இல்லாத குடும்பத் தலைவர்கள் அரியர்!

சுவரில் அடிக்கும் ஆணிக்காவது இரண்டு கைகள் போதும். நாற்காலியின் இருக்கைக்கு உறை போடுவதைச் சிந்தித்துப் பாருங்கள். துணியை அல்லது தோலை ஒரு கை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிடி தளர்ந்தால் உறை சுருங்கிவிடும். மறு கையில் சுத்தியல் இருக்கிறது. அப்படியானால் ஆணியைப் பிடிப்பது யார்?

மனிதனுக்கு வாய்த்தவை இரண்டே கைகள். வேலையோ மூன்றாவது கை ஒன்றைக் கேட்கிறது. இந்த மூன்றாவது கையைத் தேடிய மனிதனின் முயற்சியே, 'ஆணியைத் தானே ஊட்டிக்கொள்ளும் சுத்தியல்' என்னும் கருவியில் வந்து முடிந்தது. பார்வைக்கு எளிய பொருளாகத் தோன்றும் அதன் பின்னே சிறுவர்களின் வியர்வையும், ஓர் ஏழை இளைஞனின் உயிரும், ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் பிழைப்பும் கலந்திருக்கின்றன.

வாயே பெட்டியாக...

மூன்றாவது கையாக முதலில் பயன்பட்டது வாய்தான்! மேலை நாடுகளில் குஷன் வேலை செய்தோரும் காலணி செய்தோரும் ஒரு பிடி சிற்றாணிகளை வாயில் போட்டுக்கொள்வார்கள். நாவினால் ஒவ்வோர் ஆணியாகத் திருப்பி, தலைப்பக்கம் வெளியே வருமாறு உதட்டுக்குக் கொண்டு வருவார்கள். குஷன் வேலைக்குரிய சுத்தியலின் தலை மெலிந்து நீண்டது. அதற்கு இரு முகங்கள் உண்டு. ஒரு முகத்தில் காந்தச் சக்தி ஏற்றப்பட்டிருக்கும். அதனை உதட்டருகே கொண்டு சென்றால் ஆணி தலையோடு வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு மெல்லிய தட்டில் ஆணியைத் துணியில் ஊன்றி, உடனே சுத்தியலைத் திருப்பி மறு முகத்தால் அழுத்தமாக ஓர் அடி. அவ்வளவுதான். கை பழகியவர்கள் இதனைக் கண் இமைக்கும் நேரத்தில் செய்து முடிப்பார்கள்.

இதற்கெனவே கிருமி நீக்கம் செய்யப்பட்ட சிற்றாணிகள் விற்பனைக்கு வந்தன என்றால், இந்தப் பழக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வேகத்துக்கு உடல் ஈடு கொடுக்க வேண்டியிருந்தது. ஆண்டுக்கணக்கில் ஆணியைப் பல்லிடுக்கில் வைத்ததால் முன்பற்களில் பள்ளம் விழுந்தது. ஒரு தும்மல், ஒரு சிரிப்பு, யாரோ அழைக்கும் ஒரு குரல் போதும். ஆணி தொண்டைக்குள் இறங்கிவிடும் அபாயமும் எப்போதும் கூடவே இருந்தது.

ஆணியின் விலை

ஆணியை ஊட்டுவது இருக்கட்டும். ஆணியைச் செய்வதே ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது. இன்று நாம் கைநிறைய அள்ளிக்கொள்ளும் ஆணிகள் ஒவ்வொன்றும் அன்று கொல்லனின் உலையில் காய்ச்சி, தட்டிக் கூராக்கி, தலை வைத்து உருவாக்கப்பட்டவை. பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித், 1776 ஆம் ஆண்டு வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில் இது பற்றிக் கணக்கிட்டுக் கூறியுள்ளார். ஆணி செய்து பழகாத கொல்லர் ஒருவர் நாளொன்றுக்கு 200 அல்லது 300 ஆணிகளுக்கு மேல் செய்ய இயலாது. அவையும் மோசமாகவே அமையும். ஓரளவு பழகியவர் 800 முதல் 1,000 வரை செய்வார். வேறு எந்தத் தொழிலும் அறியாமல் ஆணி மட்டுமே செய்து வளர்ந்த, இருபது வயதுக்கு உட்பட்ட பையன்களோ நாளுக்கு 2,300 ஆணிகளுக்கு மேல் செய்வதை அவர் கண்டிருக்கிறார்.

அந்த எண்ணிக்கையைக் கண்டு நாம் வியக்கலாம். ஆனால் வேறு எந்தத் தொழிலும் அறியாத அப்பையன்களின் இளமை எங்கே கழிந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

பின்னாளில் அமெரிக்காவின் குடியரசுத் தலைவராக விளங்கிய தாமஸ் ஜெஃபர்சன், 1794 ஆம் ஆண்டு தமது மான்டிசெல்லோ பண்ணையில் ஓர் ஆணிப் பட்டறையைத் தொடங்கினார். அங்கே உழைத்தவர்கள் 10 முதல் 16 வயது வரையிலான அடிமைச் சிறுவர்கள். அவர்களுக்குக் கொடுத்த இரும்புக் கம்பியின் எடையையும், அவர்கள் திருப்பித் தந்த ஆணிகளின் எடையையும் ஒப்பிட்டு, யார் எவ்வளவு இரும்பை வீணாக்கினார்கள் என்று கணக்கு வைக்கப்பட்டது. மனிதர் அனைவரும் சமமாகவே படைக்கப்பட்டுள்ளனர் என்னும் பிரகடனத்தை வரைந்த அதே கரம்தான் இந்தக் கணக்கையும் எழுதியது!

திக்குவாய்ச் சிறுவனின் இயந்திரம்

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1788 ஆம் ஆண்டு பிறந்தவர் தாமஸ் பிளான்சார்டு. பேச்சு திக்கும் சிறுவரான அவர், தம் சகோதரரின் சிற்றாணிப் பட்டறையில் வேலைக்கு அமர்த்தப்பட்டார். ஒவ்வோர் ஆணியாக இடுக்கியில் பொருத்திச் சுத்தியலால் தட்டித் தலை வைப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. சலிப்பூட்டும் அந்த வேலைக்கிடையே அவர் மனம் வேறொன்றைத் தேடியது. பதினெட்டாம் வயதில் ஓர் இயந்திரத்தை உருவாக்கத் தொடங்கினார். அதனைச் செம்மை செய்ய ஆறு ஆண்டுகள் பிடித்தன. முடிவில் அது நிமிடத்துக்கு 500 சிற்றாணிகளை வெட்டித் தலை வைத்துத் தள்ளியது. கையால் செய்தவற்றைவிட அவை நேர்த்தியாகவும் இருந்தன. அதன் உரிமையை அவர் 5,000 டாலருக்கு விற்றார்.

ஆணி மலிந்தது. ஆனால் அதனை எடுத்துப் பிடித்து அடிக்கும் கை பழைய கையாகவே இருந்தது. ஒரு நிமிடத்தில் 500 ஆணிகள் பிறந்தாலும், அவற்றை ஒவ்வொன்றாகத்தானே அடித்தாக வேண்டும்?

சுத்தியலுக்குள் ஓர் அறை

இந்தக் குறையைப் போக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல அமெரிக்கர்கள் முயன்றனர். ஆணிகளைத் தன்னுள்ளேயே வைத்திருந்து, ஒவ்வோர் அடிக்கும் ஒன்றாகத் தானே ஊட்டிக்கொள்ளும் கைச்சுத்தியல்களுக்குக் காப்புரிமைகள் வழங்கப்பட்டன. அவற்றின் அடிப்படைத் தத்துவம் எளிதில் விளங்கக்கூடியதே.

ஓர் ஒடுங்கிய பிளவை எண்ணிக்கொள்ளுங்கள். அது ஆணியின் தண்டு நுழையும் அளவுக்கு அகலமானது. தலை நுழைய முடியாத அளவுக்குக் குறுகலானது. அதில் ஆணிகளைப் போட்டால், கொடியில் தொங்கும் துணிகளைப் போல, எல்லாம் தலையால் தொங்கிக் கூர்முனை கீழ்நோக்கி வரிசையாக நிற்கும். வரிசையின் முடிவில் ஒரு சிறு தடுப்பு. அது ஒரு நேரத்தில் ஓர் ஆணியை மட்டும் விடும். அடுத்ததை நிறுத்தி வைக்கும். விடுபட்ட ஆணி அடிக்கும் முகத்துக்கு நேரே வந்து நிற்கும்போது அடி விழும். இடக்கை முற்றிலும் விடுதலை பெறுகிறது!

எண்ணம் சிறந்ததே. எனினும் நடைமுறையில் இடர்கள் பல. சுத்தியல் என்பது அதிர்ச்சிக்கென்றே பிறந்த கருவி. நுட்பமான உறுப்புகளை அதற்குள் வைப்பது, உலக்கையின் தலையில் கைக்கடிகாரத்தைக் கட்டுவது போன்றது. ஓர் ஆணி சற்று வளைந்திருந்தாலும் வரிசை முழுவதும் சிக்கிக்கொள்ளும். ஒரே அளவு ஆணிதான் அந்தப் பிளவில் ஓடும். இந்த இடர்களில் பலவற்றைக் களைந்தது ஸ்டேப்ளர் பின் என்னும் எளிய கம்பி. தலை எது, முனை எது என்ற குழப்பம் அதில் இல்லை; ஒரே வடிவக் கம்பிகள் பட்டையாக ஒட்டி நிற்கும்; பின்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் தள்ளினால் ஒன்றன்பின் ஒன்றாக முன்னே வரும். இன்று கூரைக்கு அடியில் தார்த்தாள் விரிப்போரும், தரைவிரிப்பின் அடித்துணியைப் பொருத்துவோரும் கையாளும் ஸ்டேப்ளர் சுத்தியல் இந்தத் தத்துவத்தில் அமைந்ததே. வீசி அடிக்கும்போது அதன் தலை பலகையில் மோதுகிறது. மோதிய வேகத்தில் உள்ளிருக்கும் தகடு கீழிறங்கி ஒரு பின்னை உள்ளே செலுத்துகிறது.

லின் நகருக்கு வந்த இளைஞர்

மூன்றாவது கைக்கான தேவை மிகுதியாக உணரப்பட்ட தொழில், காலணித் தொழில். பாத வடிவிலான 'லாஸ்ட்' என்னும் கட்டையின் மேல் தோலை இழுத்து, விரல்முனையிலும் குதிகாலிலும் மடிப்பு விழாமல் வளைத்து, அடிப்பகுதியில் சிற்றாணிகளால் இறுக்க வேண்டும். இதற்கு 'லாஸ்டிங்' என்று பெயர். தைப்பதற்கும் வெட்டுவதற்கும் இயந்திரங்கள் வந்துவிட்ட பின்னரும், இந்த ஒரு வேலை மட்டும் மனித விரல்களுக்கே உரியதாக நின்றது. தேர்ந்த கைத்தொழிலாளி பத்து மணி நேரத்தில் சுமார் 50 இணைகளை முடிப்பார். எந்த இயந்திரமும் தங்கள் விரல்களுக்கு ஈடாகாது என்று அத்தொழிலாளர்கள் பெருமிதத்தோடு கூறி வந்தனர்.

அமெரிக்கக் காலணித் தொழிலின் மையமாக விளங்கிய லின் நகருக்கு 1877 ஆம் ஆண்டு ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் யான் எர்ன்ஸ்ட் மாட்செலிகர். தென்னமெரிக்காவின் சுரினாம் நாட்டிலுள்ள பாரமாரிபோவில் 1852 ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை டச்சுக்காரர், தாய் கறுப்பினத்தைச் சேர்ந்தவர். பத்து வயதிலேயே இயந்திரப் பட்டறையில் பழகியவர். பத்தொன்பதாம் வயதில் கப்பலேறி, கடலோடியாகத் திரிந்து, கடைசியில் லின் நகரின் காலணி ஆலை ஒன்றில் தையல் இயந்திரம் இயக்கும் பணியில் அமர்ந்தார்.

அவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. நிறத்தின் காரணமாக நகரின் சில தேவாலயங்கள் அவரை ஏற்க மறுத்தன. பகலில் ஆலை வேலை. இரவில் படிப்பும் ஆராய்ச்சியும். தொழிலாளியின் விரல்கள் தோலை எப்படிப் பற்றுகின்றன, எப்படி வளைக்கின்றன, எந்தக் கணத்தில் ஆணிக்காகக் கை நீள்கிறது என்று கூர்ந்து கவனித்தார். சுருட்டுப் பெட்டிகளின் பலகையையும் கம்பிகளையும் கொண்டு முதல் மாதிரியைச் செய்தார். யாரோ அதனை 50 டாலருக்கு விலை பேசினர், அவர் இணங்கவில்லை. வயிற்றைக் கட்டி மிச்சப்படுத்திய காசெல்லாம் இரும்பாகவும் பல்சக்கரமாகவும் மாறியது.

1883 மார்ச் 20 ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அவரது இயந்திரம் தோலைப் பற்றி இழுத்தது. குதிகாலைச் சுற்றி வளைத்தது. ஆணியைத் தானே எடுத்து வைத்து அடித்தது. முடிந்த காலணியை வெளியே தள்ளியது. நாளுக்கு 150 முதல் 700 இணைகள் வரை! ஐம்பது எங்கே, எழுநூறு எங்கே?

பயன் யாருக்கு?

காலணியின் விலை இறங்கியது. அதுவரை நல்ல காலணி வாங்க இயலாதிருந்த ஏழைகளின் கால்களுக்கும் அது கிட்டியது. ஆனால் விரல்களின் திறமையையே சொத்தாக நம்பியிருந்த தொழிலாளர்களின் பிடி தளர்ந்தது. அவர்களில் சிலர் அந்த இயந்திரத்துக்கு, அதனைக் கண்டுபிடித்தவரின் இனத்தை இழிவுபடுத்தும் பெயரைச் சூட்டி அழைத்தனர்.

இயந்திரத்தால் மாட்செலிகர் செல்வத்தில் புரண்டாரா என்றால், அதுவும் இல்லை. பணம் முதலிட்ட இருவருக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையை முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். அரைப்பட்டினியும் ஓயாத உழைப்பும் அவர் உடலை உருக்கின. காசநோய் பற்றிக்கொண்டது. 1889 ஆகஸ்ட் 24 அன்று, 37 வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, அவர் காலமானார். தம்மை மறுக்காமல் ஏற்றுக்கொண்ட ஒரே தேவாலயத்துக்குத் தம் பங்குகளின் ஒரு பகுதியை எழுதி வைத்திருந்தார். பின்னாளில் அந்தத் தேவாலயத்தின் கடனை அடைக்க அது உதவியது. 1991 ஆம் ஆண்டு அமெரிக்க அஞ்சல் துறை அவர் உருவத்தைத் தாங்கிய தபால்தலையை வெளியிட்டது. வாழும்போது மறுக்கப்பட்ட மதிப்பு, மறைந்து நூறாண்டுகள் கழிந்த பின் வந்து சேர்ந்தது!

வேகமும் விபத்தும்

இன்று காற்றழுத்தத்தாலும் மின்கலத்தாலும் இயங்கும் ஆணித் துப்பாக்கிகள் வந்துவிட்டன. விசையை அழுத்தினால் போதும். ஆணிகள் சரம்சரமாக இறங்கும். ஆனால் ஆணி துணிக்குள் பாய்கிறதா, தொடைக்குள் பாய்கிறதா என்பது கருவிக்குத் தெரியாது. 2001 முதல் 2005 வரையிலான கணக்குப்படி, அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் சுமார் 37,000 பேர் ஆணித் துப்பாக்கிக் காயங்களுடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார்கள். விசையை அழுத்தியபடியே, முனை எதில் பட்டாலும் ஆணியைச் செலுத்தும் வகையில் அமைந்தவை கூடுதல் ஆபத்தானவை. ஒவ்வோர் ஆணிக்கும் முனையை முதலில் ஊன்றி, அதன் பிறகே விசையை அழுத்த வேண்டிய வகை பாதுகாப்பானது.

வீட்டு உபயோகத்துக்கு ஸ்டேப்ளர் சுத்தியல் வாங்குவோரும் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். அடிக்கும்போது மறு கை அடியின் பாதையில் இருக்கக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். சிக்கிய பின்னை எடுக்கும்போது கருவியின் வாயை முகத்துக்கு நேரே பிடிக்கலாகாது. வேலை முடிந்ததும் மீதிப் பின்களை வெளியே எடுத்துவிட்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது நலம்.

நம் வீட்டு வாசலில்...

இந்த வரலாறு நமக்கு வெகுதொலைவில் நடந்ததன்று. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் தொழிலில் நம் சமுதாயத்தார் பலர் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டுள்ளனர். அங்குள்ள காலணி ஆலைகளில் இன்று லாஸ்டிங் இயந்திரங்கள் ஓடுகின்றன. ஆணிக்குப் பதிலாகப் பெரும்பாலும் பசையே அந்த வேலையைச் செய்கிறது. அவற்றில் பணிபுரிவோரில் பெண்களின் எண்ணிக்கை மிகுதி. அந்தச் சகோதரிகளின் கைகள் இழுத்து, வெட்டி, ஒட்டி முடித்த காலணிகளே கடல் கடந்து செல்கின்றன.

மூன்றாவது கை கிடைத்துவிட்டது. அது களைப்பதில்லை, காயப்படுவதுமில்லை. மற்ற இரண்டு கைகளும் களைப்பவை, காயப்படுபவை. அவற்றின் கூலியையும் நலத்தையும் கருவி கவனித்துக்கொள்ளாது; மனிதர்தாம் கவனிக்க வேண்டும். அடுத்த முறை புதுக் காலணியை அணியும்போது, பாரமாரிபோவிலிருந்து வந்த அந்த இளைஞரையும், ஆம்பூரில் பணி முடித்து வீடு திரும்பும் ஒரு தாயையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.