அம்மி கொத்தியவரின் மூச்சு

"அம்மி கொத்தலையோ... ஆட்டுக்கல்லு கொத்தலையோ!"

மிக்சி வராத காலத்தில், சென்னைக்குத் தெற்கே காட்டாங்குளத்தூர், பொத்தேரி தெருக்களில் வெயில் ஏறும் நேரத்தில் இந்தக் குரல் வரும். வாசலில் குந்தி உட்கார்ந்து, சிற்றுளியைச் சாய்த்துப் பிடித்து, வழவழத்துப்போன அம்மிக்குப் புள்ளி புள்ளியாகக் கொத்துப் போட்டுவிடுவார் அந்த மனிதர். எழுந்திருக்கும்போது புருவமெல்லாம் வெள்ளைப் பொடி. அவர் போனதும் அம்மா அம்மியைக் கழுவி, ஒரு பிடி தவிட்டை அரைத்து வழித்துக் கொட்டுவார். கல்பொடி சட்னியோடு வயிற்றுக்குள் போய்விடக் கூடாதே என்ற கவலை.

கைவேலைக் காலத்தை நினைத்து ஏங்காதவர் இல்லை. அந்த ஏக்கத்தில் உளிச் சத்தம் இருக்கிறது, உளி பிடித்தவரின் இருமல் இல்லை.

கல்லுக்குள் என்ன இருக்கிறது?

பரங்கிமலை, பல்லாவரம் மலைகளின் கல்லுக்குப் புவியியலில் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் உள்ள கல் இதே வகை. அதை வைத்து 1893-இல் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து சூட்டிய பெயர் அது. இந்தக் கல்லிலும் கிரானைட்டிலும் குவார்ட்ஸ் உண்டு. குவார்ட்ஸ் என்பது படிக வடிவச் சிலிக்கா. கல்லாகக் கிடக்கும்வரை அதனால் தொந்தரவில்லை. பொடியாகிக் காற்றில் கலந்தால்தான் வினை.

கண்ணுக்குத் தெரியும் தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியே வந்துவிடும். 5 மைக்ரானுக்கும் குறைந்த துகள், அதாவது தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் சிறியது, நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய்ச் சேரும். அங்கிருக்கும் பாதுகாப்பு அணுக்கள் அதை விழுங்கும். கரைக்க முடியாமல் செத்துப்போகும். அந்த இடத்தில் தழும்பு விழும். தழும்பு பரவப் பரவ நுரையீரல் இறுகிப்போகும். இதுதான் சிலிக்கோசிஸ்.

உளியா, கிரைண்டரா?

செங்கல்பட்டு போய்த் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்தால் மாமல்லபுரம். உலகக் கைவினைக் கவுன்சில் 2015-இல் கற்சிற்ப நகரமாக அறிவித்த ஊர். அங்கே இன்று உளியோசையோடு கட்டரும் கிரைண்டரும் சேர்ந்து இரைகின்றன.

உளி கல்லைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கிறது. கிரைண்டரோ மாவாக அரைத்துக் காற்றில் தூவுகிறது. அந்த வகையில் பழைய முறைக்கு ஏங்குவதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் 1700-இல், மின்சாரக் கருவி எதுவும் இல்லாத காலத்தில், இத்தாலிய மருத்துவர் ராமசினி தொழில்நோய்கள் பற்றி எழுதிய நூலிலேயே கல்தச்சர்களின் நெஞ்சு நோய் இடம்பெற்றுவிட்டது. கைவேலையும் தீங்கற்றதாக இருந்ததில்லை. கிரைண்டரோடு காதைக் கெடுக்கும் இரைச்சலும், விரல்களை மரத்துப்போகச் செய்யும் அதிர்வும் கூடுதலாக வந்து சேர்ந்தன.

டி.பி. என்று நினைத்து...

வழக்கமாகப் பத்து வருடத்துக்கு மேல் தூசியைச் சுவாசித்த பிறகே சிலிக்கோசிஸ் தலைகாட்டும். தூசி மிக அதிகமென்றால் சில வருடங்களிலேயே வரலாம். வறட்டு இருமல், படி ஏறினால் மூச்சு வாங்குதல், எடை குறைதல் ஆகியவை அறிகுறிகள். இவை டி.பி. என்னும் காசநோயிலும் உண்டு; எக்ஸ்ரேயிலும் அதுபோலவே தோன்றக்கூடும். சிலிக்கா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பிடிக்கும் என்பதால் இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. காசநோய் மாத்திரையில் காசநோய் குணமாகும். சிலிக்கோசிஸ் தழும்பை அழிக்க மருந்தே இல்லை. சுவாசிக்கும் படிகச் சிலிக்கா நுரையீரல் புற்றுநோய்க்கும் காரணம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-இல் வகைப்படுத்தியது.

நோயாளியிடம் "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்கச் சொன்னவரும் ராமசினிதான். டாக்டர் கேட்காவிட்டால் நாமே சொல்லிவிட வேண்டும். 1928-இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காட்டாங்குளத்தூர்ப் பக்கத்து மக்களுக்கு அது எட்டும் தூரம்.

மற்ற பட்டறைகள்

கல் மட்டுமல்ல. 'கே.டி.எம்.' நகை என்று நாம் பெருமையாக வாங்கியது காட்மியம் கலந்து பற்றவைத்தது. அதன் புகை பொற்கொல்லரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். பழைய அச்சகங்களில் எழுத்துக் கோத்த விரல்களில் ஈயம் ஒட்டியிருந்தது. அதே கையோடு சாப்பிட்டால் அது உடம்புக்குள்ளும் போகும்.

என்ன செய்யலாம்?

• கல்லை நனைத்துக்கொண்டே வெட்டுங்கள், தேயுங்கள். ஈரத் தூசி பறக்காது. மின்கருவி என்றால் தண்ணீரோடு பயன்படுத்தத் தகுந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

• முகத்தில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் இடைவெளி விழும்.

• பட்டறையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள்.

• வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். பட்டறைக்குள் சாப்பாடும் டீயும் வேண்டாம்.

• பீடி, சிகரெட்டை விடுங்கள். இருமல் இல்லாவிட்டாலும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

• இ.எஸ்.ஐ. இருந்தால், தொழில்நோய்க்கான பலன்களைக் கேட்டுப் பெறுங்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சிலிக்கோசிஸை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. கீற்றுக்கொட்டகைப் பட்டறைகள்தான் அந்தக் கணக்கில் வராமல் போகின்றன.

ஒரு பிடி தவிட்டால் நம் வயிற்றைக் காத்துக்கொண்டோம். வேலை முடிந்து அம்மி கழுவிய தண்ணீரில் ஒரு செம்பை, வேலைக்கு முன்னாலேயே அந்தக் கல்லின் மேல் ஊற்றியிருந்தால், அம்மி கொத்தியவரின் நெஞ்சுக்குள் போன பொடியில் கொஞ்சமாவது வாசல் மண்ணோடு போயிருக்கும்.